மருந்துக்கு அடங்காத ஒன்று

அன்று காலை மழை விட்டிருந்தது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. முன்னால் போன கார் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. விழுந்து நிதானித்துப் பார்த்தபோது வண்டி என் இடது காலின் மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. எலும்பு வெள்ளையாக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது மஞ்சள் கலந்த ஒரு நிறம். அதைப் பார்த்த பிறகுதான் வலி தொடங்கியது.

எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதப்போவதில்லை. அங்கே நடந்தது எங்கேயும் நடக்கக்கூடியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதோடு, என் காலைக் காப்பாற்றித் தந்தவர்களும் அவர்கள்தான்.

அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். புண்ணைக் கழுவி, எலும்பை ஒட்டவைத்து, உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். மறுநாள் எலும்பு டாக்டர் வந்து எக்ஸ்ரேயைக் காட்டினார். திருகாணிகள் வரிசையாக, நேராக இருந்தன. என் தொழிலில் இருப்பவனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு திருப்தி. நல்ல வேலை என்று அவரிடமே சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார்.

நான் கிடந்தது ஆறு கட்டில்கள் போட்ட ஒரு பகுதி. பக்கத்துக் கட்டிலில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். ஜெலுத்தோங் சந்தைக்கு அருகே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையைத் தாண்டி நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. சர்க்கரை நோயில் கால் விரல் ஒன்று கறுத்துப்போய், அதை எடுத்துவிட்டிருந்தார்கள். நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். முதல் நாளே ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுத் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதுல உப்பு இருக்கான்னு நான் கேக்கல லா. கறி இருக்கான்னுதான் கேக்குறேன்."

அவருடைய மகன் தினமும் கடையிலிருந்து எதையாவது கட்டிக்கொண்டு வருவான். முப்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேச மாட்டான். சர்க்கரைக்காரருக்கு ஆகாததையெல்லாம் அவர் என் தட்டில் வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை. அந்த வாரம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

என் மனைவி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. பள்ளி முடிந்ததும் எங்கள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வருவாள். வந்ததும் சுவரோரமிருந்த கை கழுவும் தொட்டிக்குப் போய்க் கை கழுவுவாள். மீந்துபோன மைலோ பானத்தை அதில் ஊற்றிவிட்டு என் குவளையை அலசி வைப்பாள். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். டாக்டர்களும், மிசிகள் என்று நாங்கள் சொல்லும் தாதிகளும் ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் அங்கே வந்துதான் கை கழுவினார்கள். எப்படித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று படம் போட்டுத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தது. சுத்தமான இடம் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு வாரம் போனதும் காய்ச்சல் வந்தது. முதலில் லேசான குளிர். பிறகு பற்கள் அடித்துக்கொண்டன. காலில் சுற்றியிருந்த கட்டு நனைந்து கனத்தது. மிசி அதைப் பிரித்தபோது வந்த வாடையில் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. மறுபடியும் மாற்றினார்கள். எனக்குக் கவலை இல்லை. ஒரு மருந்து கேட்காவிட்டால் அதைவிடப் பலமான மருந்து ஒன்று இருக்கும். அதுவும் கேட்காவிட்டால் அதற்கும் மேலே ஒன்று. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். மேலே எதுவும் இல்லாத ஓர் இடம் உண்டு என்று யோசித்ததே இல்லை.

வார்டில் தமிழ் பேசும் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். ஒரு நாள் காலை வந்து திரையை இழுத்து மூடிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, உங்க புண்ணுலருந்து எடுத்த கிருமிய லேப்ல வளர்த்துப் பாத்தாங்க. நாங்க கொடுக்கற மருந்து எதுக்கும் அது சாகல."

வேறு மருந்து கொடுங்கள் என்றேன்.

"வேற மருந்தெல்லாம் சேத்துதான் சொல்றேன். கடைசியா கொடுப்போம்னு எடுத்து வச்சிருக்கற மருந்தும் இதுக்கு வேலை செய்யல."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனால் அது என்னைப் பற்றியது என்பது ஏறவில்லை. இவ்வளவு பெரிய கட்டடம், மாடிக்கு மாடி டாக்டர்கள், கீழே மருந்துக் கிடங்கு. என் காலுக்குள் இருக்கும் ஒன்றுக்கு இங்கே மருந்து இல்லை என்று ஒரு டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிறார். நான் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. சாலையில் விழுந்தபோது சேற்றிலிருந்து வந்திருக்குமா என்று கேட்டேன். வேறு எங்கிருந்து வரும்?

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஆமான்னு சொல்லிட்டு நான் போயிடலாம். ஆனா உங்கள அட்மிட் பண்ண அன்னைக்கு எடுத்த சாம்பிள்ல இது இல்ல. இங்க வந்த பிறகுதான் வந்திருக்கு, அண்ணே."

திரைக்கு அந்தப் பக்கம் பெரியவரின் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. குணமாக வந்த இடத்திலிருந்து நோயை வாங்கியிருக்கிறேன் என்பதை மனம் எடுத்துக்கொள்ள மறுத்தது. ஒரு புதிய சாமானைப் பிரித்துப் பார்ப்பதுபோல அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் ஓர் அறிவிப்பு. உள்ளே வருகிறவர்கள் மஞ்சள் அங்கியும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார்கள்; போகும்போது கழற்றி வாசலருகில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார்கள். மனைவி முதல் தடவை அந்தக் கோலத்தில் உள்ளே வந்தபோது நான் யாரோ மிசி என்று நினைத்து, தண்ணீர் வேண்டும் என்று மலாய் மொழியில் கேட்டேன். அவள் கட்டில் ஓரத்தில் நின்று அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கையில் உறை. முகத்தை அங்கித் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

வார்டில் என்னோடு கிடந்த மற்ற ஐந்து பேரையும் சோதித்தார்கள். ஆசனவாயில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுக்கும் சோதனை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பெரியவர் கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். அவரையும் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். என் அறைக்கு அடுத்த அறை.

"தம்பி, எனக்கும் இருக்காம் லா. ஆனா உனக்கு வந்த கிருமி இல்லியாம். எனக்கு வேற கம்பெனி."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் உடம்பில் அது குடலில் சும்மா தங்கியிருக்கிறது, அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று டாக்டர் சொன்னாராம். புண்ணும் ஆறிக்கொண்டு வருகிறது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதன் பிறகு தினமும் பேசினோம். இடையில் ஒரு சுவர்தான். ஆனாலும் தொலைபேசியில்தான் பேசினோம். என்ன சாப்பாடு வந்தது, எந்த மிசி கோபக்காரி, கடைக்கு யார் மீன் வாங்கப் போகிறார்கள், இப்படி.

கிருமி வேறு என்றால் நல்லதுதான் என்று நினைத்தேன். என்னிடமிருந்து அவருக்குப் போகவில்லை, அவரிடமிருந்து எனக்கு வரவில்லை. பெண் டாக்டர் வந்தபோது அதைச் சொன்னேன். ஆமாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"கிருமி வேறதான். ஆனா மருந்த உடைச்சுப் போடற ஜீன் ஒண்ணு இருக்கு. ரெண்டு கிருமிக்குள்ளயும் அதே ஜீன்தான்."

எனக்குப் புரியவில்லை. ஜீன் என்றால் அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதுதானே, மூக்கு மாதிரி, முடி மாதிரி என்று கேட்டேன்.

"மனுசங்களுக்கு அப்படி. கிருமிங்களுக்குச் சொந்தமா இருக்கணும்னு அவசியம் இல்ல, அண்ணே. ஒரு சின்ன வளையம் மாதிரி இருக்கும் அது. பக்கத்துல வேற சாதிக் கிருமி இருந்தாலும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்துடும். வாங்கிக்கிட்ட கிருமிக்கும் அன்னைலருந்து மருந்து கேக்காது."

அவர் போன பிறகு நான் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணுக்குத் தெரியாதவை, மூளை இல்லாதவை. பிழைக்கும் வழியைக் கண்டுபிடித்து, தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கின்றன. இதை எந்தப் பள்ளியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வயிற்றுக்குள்ளும் இந்த நேரம் அப்படி ஏதோ கைமாறிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியதும் வயிற்றின் மேலிருந்த கையை எடுத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் வார்டு முழுவதும் ஒரு குழு வந்து சோதனை போட்டது. கட்டில் கம்பி, திரைச்சீலை, மருந்து வண்டி, கதவுப் பிடி, எல்லாவற்றிலும் பஞ்சைத் தேய்த்து எடுத்துப் போனார்கள். எங்கள் பழைய பகுதியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மறைத்துவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். முடிவு வந்ததும் நான் பெண் டாக்டரைக் கேட்டேன். முதலில் அவர் சொல்லவில்லை. அவர் மேலதிகாரிகள் பேசி முடித்த பிறகு வந்து சொன்னார்.

கட்டிலில் இல்லை. திரையில் இல்லை. கை கழுவும் தொட்டியில் இருந்தது.

தொட்டியின் அடியில் தண்ணீர் போகும் ஓட்டைக்குள், வளைந்த குழாய்க்குள், வழவழவென்று படிந்திருக்கும் பாசிக்குள் அவை குடியிருந்தன. ஒரு சாதி இல்லை, பல சாதிக் கிருமிகள். அவற்றில் சிலவற்றிடம் அதே ஜீன். குழாய்த் தண்ணீர் நேராக ஓட்டையின் மேல் விழும்படி அந்தத் தொட்டி அமைந்திருந்தது. திறக்கும்போதெல்லாம் அடியிலிருப்பது கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மேலே தெறிக்கும். கட்டுப் போடும் வண்டியை மிசிகள் அதன் பக்கத்தில்தான் நிறுத்தி வைப்பார்கள். நோயாளிகளும் சொந்தக்காரர்களும் ஊற்றிய மைலோவும் கோப்பியும் கஞ்சியும் அவற்றுக்கு நாள் தவறாமல் தீனியாகியிருந்தன.

"அப்ப கை கழுவுனதாலயா?" என்று கேட்டேன்.

"கை கழுவணும், அண்ணே. அதுல சந்தேகமே இல்ல. தொட்டிதான் இப்படி ஆயிருச்சு." அவரும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அங்கே கை கழுவியவர்தான். தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து போனார்.

மனைவியிடம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் வார்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் வந்து, குவளையைத் தினமும் அங்கேதானே அலசினேன் என்றாள். எல்லாரும்தான் அலசினார்கள் என்றேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பாலர் பள்ளியில் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லிப் பார்த்து, சரியாகக் கழுவாதவர்களைத் திரும்பக் கழுவ அனுப்புகிறவள் அவள்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பழைய மருந்தைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மருந்தாம். வேறு வழியில்லாததால் அதைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். வாய் மரத்தது. கால் விரல்கள் ஊசி குத்துவதுபோல இருந்தன. சிறுநீர் குறையத் தொடங்கியது. காய்ச்சல் மட்டும் குறையவில்லை.

எலும்பு டாக்டர் வந்தார். எக்ஸ்ரேயைக் காட்டிச் சிரித்தவர் இப்போது சிரிக்கவில்லை. மலாயில் மெதுவாகச் சொன்னார். கிருமி தகட்டின் மேல் படலமாகப் படிந்துவிட்டது. அங்கே எந்த மருந்தும் போய்ச் சேராது. தகட்டைக் கழற்ற வேண்டும். திறந்து பார்க்கும்போது எலும்பும் கெட்டிருந்தால் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட வேண்டிவரும். இரண்டுக்கும் சம்மதம் வேண்டும். உயிருக்காகத்தான் கேட்கிறேன் என்றார்.

மனைவியைப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டேன். ஒரு கால் முறிவுக்காக வந்தவன் காலையே கொடுக்கக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. ஆனால் அது யாருக்கோ நடப்பதுபோலத்தான் இருந்தது.

அறுவைக்குப் போவதற்கு முன்னால் பெரியவர் கூப்பிட்டார். அவர் குரல் சோர்ந்திருந்தது. காலையிலிருந்து லேசாகக் குளிருகிறது என்றார்.

"நீ பயப்படாம போய்ட்டு வா, தம்பி. நான் துவா செய்றேன். வந்ததும் போன் அடி."

மயக்கம் தெளிந்தபோது தொண்டை வறண்டு கிடந்தது. கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே என் கை போர்வைக்குள் போய்த் தேடியது. தொடை இருந்தது. அதற்குக் கீழே கையை நகர்த்தப் பயமாக இருந்தது. நகர்த்தினேன். முழங்கால். அதற்கும் கீழே ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது, இரும்பு. தோலைத் துளைத்துக்கொண்டு கம்பிகள் நின்றன. அவற்றை வெளியே ஒரு சட்டம் பிடித்துக்கொண்டிருந்தது. கால் இருந்தது. நான் அழுதேன். யாரோ மிசி வந்து வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை என்றேன்.

மறுநாள் தெம்பு வந்ததும் பெரியவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தேன். மணி அடிக்கும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை. மாலையில் மனைவி வந்ததும் அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னேன். அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள். அப்போதுதான் அவளுக்கு முன்னமே தெரியும் என்று புரிந்தது.

நான் அறுவை அறையில் இருந்தபோதே அவருக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. குடலில் சும்மா இருந்தது இரத்தத்தில் கலந்துவிட்டது. சர்க்கரை உடம்பு தாங்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். எனக்குக் கொடுத்த அதே பழைய மருந்தைத்தான் அவருக்கும் கொடுத்தார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். அவருக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. நான் கால் இருக்கிறதா என்று போர்வைக்குள் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இறந்துபோயிருந்தார்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிறவர். கடைக்குப் போனதும் முதல் வேலையாக என்ன குழம்பு வைக்கச் சொல்வது என்று என்னிடம் யோசனை கேட்டவர். ஒரு கால் விரலை எடுப்பதற்காக வந்தவர். நான் மனைவியிடம், இல்லை, நேற்றுக்கூடப் பேசினாரே என்றேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். நேற்றுப் பேசிய மனிதர் இன்று எப்படி இல்லாமல் போவார் என்று அவளிடம் நியாயம் கேட்பதுபோல.

அதன் பிறகான வாரங்கள் கலங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. சிறுநீரகம் மோசமாகி, சில தடவை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். பிறகு அது மெல்லத் தேறியது. தகடு போனதும் மருந்துக்குக் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஏன் எனக்கு அடங்கியது, ஏன் அவருக்கு இல்லை என்று பெண் டாக்டரிடம் கேட்டேன். உங்களுக்கு வயது குறைவு, சர்க்கரை இல்லை, புண் காலோடு நின்றது என்றார். எல்லாம் சரியான காரணங்கள்தான். எதுவும் எனக்குப் போதவில்லை.

எங்கள் பகுதியின் தொட்டியைக் குழாயோடு பெயர்த்து எடுத்து, சுவரையே உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் ஓட்டையின் மேல் விழாத மாதிரி வேறு அமைப்பு. கை கழுவுவதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று நான்கு மொழிகளில் எழுதி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது என் இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகியிருந்தது. காயம் ஆறியது. ஆனால் குடலில் எடுத்த சோதனையில் அந்த ஜீன் இன்னும் இருந்தது. இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். தனி அறையில்தான் வைப்பார்கள். சில மாதங்களில் தானாகப் போகலாம், வருடக்கணக்கில் இருக்கலாம், தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குப் பயமில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்று பெண் டாக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

நான் கேட்கவில்லை. எனக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, தனித் துண்டு. கழிப்பறையை ஒவ்வொரு தடவையும் குளோரின் ஊற்றித் தேய்த்தேன். பள்ளி விட்டு வந்த மகள் பக்கத்தில் உட்கார வந்தால் நகர்ந்து உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தேன், பசித்தது, தூக்கம் வந்தது, கண்ணாடியில் பழைய முகம்தான். ஆனால் பக்கத்து அறைப் பெரியவரும் இப்படித்தானே, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு இருந்தார்? ஒரு நாள் மனைவி என் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு சேர்த்து அடுக்கிவிட்டாள். நான் அதைத் தனியே எடுத்து வைத்தேன். அவள் திரும்பச் சேர்த்து வைத்தாள். மூன்றாவது தடவை நான் விட்டுவிட்டேன்.

நடக்க முடிந்ததும், ஊன்றுகோலோடு, பெரியவரின் கடைக்குப் போனேன். காலை நேரக் கூட்டம் கலைந்திருந்தது. மகன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஓரமாக ஒரு மேசையில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான். எதிரே உட்கார்ந்தான். அப்பாவைப் போலப் பேச்சுக்காரன் இல்லை. மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எங்க அத்தாகிட்டருந்து உங்களுக்கு வந்துச்சா, உங்ககிட்டருந்து அத்தாவுக்குப் போச்சா?"

அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். டாக்டரிடம் நானும் இதையே கேட்டதையும், யாராலும் சொல்ல முடியாது என்று அவர் சொன்னதையும் சொன்னேன். இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தொட்டியிலிருந்தே வந்திருக்கலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைகள் வழியாகப் போயிருக்கலாம். எங்களுக்கு முன்னால் யாரோ நோயாளி அதைத் தொட்டியில் விட்டுப் போயிருக்கலாம். அவர் யார் என்று இனி யாருக்கும் தெரியாது. இன்னமும் அது எனக்குள் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது.

அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அத்தாவோட மய்யித்த குளிப்பாட்டும்போது அங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கச் சொன்னாங்க," என்றான். "போட்டுக்கிட்டுதான் குளிப்பாட்டினேன். அத்தாவோட முதுகுல தண்ணி ஊத்தித் தேய்க்கறேன், எனக்கு ரப்பர்தான் தெரியுது. சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கான்னுகூடத் தெரியல."

தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. குடித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின்கட்டில் வெங்காயம் தாளிக்கும் மணம் வந்தது. அவன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். அவன் வற்புறுத்தவில்லை.

எழுந்திருக்கும்போது குட்டைக் கால் மடங்கிக்கொண்டது. ஊன்றுகோல் மேசைக்கு அடியில் விழுந்துவிட்டது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதற்குள் அவன் சுற்றிவந்து என் கையைப் பிடித்துத் தூக்கினான். வெறுங்கை. வேலை செய்து காய்ப்பேறிய, சூடான கை. நான் சட்டென்று இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் விடவில்லை. குனிந்து மறு கையால் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்துவிட்டு, படி இறங்கிச் சாலை வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தான்.